இரவல் யாப்பும் கண்டி மண்ணும்

கண்டி மாநகரில் தலதா மாளிகையை அடுத்து மகுல் மடுவ என்னும் அரச சபா மண்டபம் நிற்கிறது. அதற்குச் சுவர்கள் இல்லை. சித்திர வேலைப்பாடு மிக்க மரத்தூண்களே கூரையைத் தாங்குகின்றன. இராஜாதி ராஜசிங்க மன்னன் 1783 ஆம் ஆண்டில் தொடங்கிய திருப்பணி அது. 1815 மார்ச் 2 ஆம் நாள், பிரித்தானியத் தேசாதிபதி ரொபட் பிறவுன்றிக் இம்மண்டபத்தில் கண்டிப் பிரதானிகளின் முன்னே அமர்ந்தார். பன்னிரண்டு உறுப்புரைகள் கொண்ட ஓர் உடன்படிக்கை அங்கே வாசிக்கப்பட்டது. கண்டி இராச்சியம் இங்கிலாந்து மன்னரின் முடிக்குக் கீழ்ப்பட்டது. பிரதானிகள் சிலரின் ஒப்பத்தில் தமிழெழுத்துக் கலந்திருப்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டுவர். இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயரால் கண்ணுசாமி, அதற்கு முன்னரே சிறைப்பட்டிருந்தான். வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே உயிர் துறந்தான்.

ஒரு நாட்டின் அரசியல் யாப்பு அயல்நாட்டு முறைகளிலிருந்து கருத்துக்களைக் கடன் வாங்கலாமா என்னும் வினா நம்மவரிடையே அடிக்கடி எழுவதுண்டு. “நம் மண்ணுக்கு ஏற்றது நம் மண்ணிலே விளைய வேண்டும்” என்பர் ஒருசாரார். “நல்லது எங்கிருந்து வந்தால் என்ன?” என்பர் மற்றொரு சாரார். மேடையில் நின்று இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லிக் கைதட்டல் பெறுவது எளிது. வினாவுக்கு விடை காண்பதோ அத்துணை எளிதன்று. கண்டியும் அதனைச் சூழ்ந்த மலைநாடும் இதனை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களம் ஆகும். ஏனெனில், கடன் வாங்கி வாழ்ந்ததையும், கடன் திணிக்கப்பட்டு வருந்தியதையும், கடனென்று சொல்லித் தள்ளிவிட்டு இழந்ததையும் ஒருங்கே கண்ட நிலம் இது.

முதலில், அந்நியர் கைப்படுமுன் கண்டியில் நிலவிய முறை யாது என்பதைக் காண்போம். கண்டியில் பிரித்தானியரின் வதிவிடப் பிரதிநிதியாக இருந்தவர் ஜோன் டொயிலி. சிங்களம் நன்கு கற்ற அவர், அந்த இராச்சியத்தின் அமைப்பை ஆராய்ந்து ஒரு குறிப்பு எழுதி வைத்தார். 1824 இல் அவர் இறந்த பின்னர் அது அச்சேறிற்று. கண்டிய அரசின் யாப்பைப் பற்றிய சுருக்கம் என்பதே அதன் தலைப்பின் பொருள். எழுத்தில் வடித்த சட்டப் புத்தகம் எதுவும் கண்டியில் இல்லாதிருந்தும், அங்கே ஒரு யாப்பு உண்டு என்பதை அந்த ஆங்கிலேயர் ஐயமின்றிக் கண்டுகொண்டார்.

மன்னனின் அதிகாரத்துக்கு மேலான அதிகாரம் ஏட்டளவில் இல்லை. ஆயினும் முன்னோர் வழக்கத்தை அவன் மீறலாகாது என்பது குடிகளின் எதிர்பார்ப்பு. பெரிய காரியங்களில் அதிகார்மாரையும் பிரதானிகளையும் பௌத்த மகாசங்கத் தலைவரையும் கலந்து கொள்வது முறை. மன்னனுக்கு அடுத்த நிலையில் அதிகார்கள் இருந்தனர். மாகாணங்களைத் திசாவைமார் ஆண்டனர். ஊர் வழக்குகளைக் கம்சபை தீர்த்தது. நிலத்தை அனுபவித்தவர் அதற்கீடாக இராசகாரியம் என்னும் ஊழியம் செய்தனர். வழக்கமே இங்கு யாப்பாக நின்றது.

இந்த முறை முழுதும் கண்டி மண்ணிலேயே விளைந்ததா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை. 1739 இல் சிங்கள அரச மரபில் பட்டத்துக்குரிய வாரிசு அற்றுப் போயிற்று. அரசியின் உடன்பிறந்தான், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். அன்று தொட்டு 1815 வரை நால்வர் ஆண்டனர், நால்வரும் நாயக்கரே. அரசனையே இரவல் வாங்கிய இராச்சியம் கண்டி.

நால்வருள் இரண்டாமவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அவன் காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு நேரே பொருந்துவது. இலங்கையில் உபசம்பதா என்னும் உயர் குருப்பட்டம் பெற்ற பிக்குகள் இல்லாமற் போயினர். பட்டம் பெற்றவர் இல்லையெனில் பட்டம் அளிப்பார் யார்? வெலிவிட்ட சரணங்கரரின் தூண்டுதலால் மன்னன் சீயம் நாட்டுக்குத் தூது அனுப்பினான். தூதரை ஏற்றிச் சென்றது ஒல்லாந்தரின் கப்பல். 1753 இல் உபாலி தேரர் தலைமையில் வந்த சீயத்துப் பிக்குகள் கண்டியில் அந்தப் பட்டத்தை மீண்டும் நிலைநாட்டினர். இன்றும் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் சீய நிக்காயம் என்றே வழங்கப் பெறுகின்றன. பிறநாட்டுப் பெயரைத் தன் முகப்பிலே தாங்கிய ஒன்று, கண்டியின் உயிர்நாடியாக விளங்குவதைக் காண்கிறோம்.

இவ்விரவல் வேரூன்றியது எதனால்? தேவை இங்கே தோன்றிற்று. வேண்டுகோள் இங்கிருந்தே சென்றது. பெற்றதை இங்குள்ளோர் தம் பீடங்களில், தம் ஒழுங்கில் வைத்துப் பேணினர். அதே வேளையில், அதற்கு நேர்ந்த குறையையும் மறைக்கலாகாது. காலப்போக்கில் அப்பட்டம் ஒரு சாதியாருக்கே உரியது என வரையறை செய்யப்பட்டது. கதவு அடைபட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மாவுக்குச் சென்று வேறு நிக்காயம் கொணர்ந்தனர். இரவல் வாங்கிய பொருளில் குறையில்லை. வாங்கிய பின்னர் அதனை யார்க்கு மறுத்தனர் என்பதிலேதான் குறை இருந்தது. இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறேன்.

இனி, 1815 உடன்படிக்கைக்கு மீள்வோம். அதன் நான்காம் உறுப்புரை பிரதானிகளின் உரிமைகளையும் பதவிகளையும் காப்பதாகக் கூறிற்று. ஐந்தாம் உறுப்புரை பௌத்த சமயத்துக்கு உறுதி அளித்தது. எட்டாம் உறுப்புரை, நிலவிய சட்டத்தின்படியும் முறையின்படியும் நீதி வழங்கப்படும் என்றது. அயல் கருத்து என்று சொல்லத்தக்கது ஆறாம் உறுப்புரையே. உடல்வதையும் உறுப்புக் குறைத்தலும் அடியோடு ஒழிக்கப்பட்டன. அதனை எழுதியவன் அந்நியன் என்பதற்காக எவரேனும் அந்த உறுப்புரை தவறு என்பாரோ?

ஆயினும் உடன்படிக்கை நிலைக்கவில்லை. 1817 இல் ஊவாவில் கிளர்ச்சி மூண்டது. உடன்படிக்கையில் ஒப்பமிட்டவருள் ஒருவராகிய கெப்பெட்டிப்பொல திசாவையே அதன் தலைவரானார். கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1818 நவம்பரில் அவர் கண்டியிலே தலை வெட்டுண்டு மாண்டார். அதே மாதம் 21 ஆம் நாள் வெளியான பிரகடனம், மூன்றாண்டுக்கு முன் கொடுத்த வாக்குறுதிகளை வெகுவாகக் குறைத்துவிட்டது. இரு தரப்பாரும் கூடிச் செய்ததை ஒரு தரப்பார் தனித்து மாற்றினர். கண்டியர் மனத்தில் ஆறாத புண்ணாக நின்றது இதுவே.

அடுத்து வந்தது கோல்புறூக், கமறன் சீர்திருத்தம். கமறன், பெந்தம் என்னும் ஆங்கில அறிஞரின் கொள்கையைப் பின்பற்றியவர். எந்நாட்டுக்கும் ஏற்ற பொதுச் சட்ட நெறிகளைப் பகுத்தறிவால் வகுத்துவிடலாம் என்பது அக்கொள்கையாரின் துணிபு. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833 இல் சட்டசபை தோன்றிற்று. நாடு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டு ஒரே ஆட்சியின்கீழ் வந்தது. கண்டிய நிலம் துண்டுபட்டுப் பல மாகாணங்களுடன் இணைக்கப்பட்டது. கண்டி மத்திய மாகாணத்தின் தலைநகராயிற்று. கட்டாய ஊழியம் நீங்கியது குடியானவனுக்கு நன்மையே. ஆனால், ஒரு மக்கட் கூட்டத்தின் நில எல்லையை அவர்களைக் கேளாமலே அழித்து வரைந்தது நன்மையென்று சொல்லமாட்டோம். ஒரே கையால், ஒரே காலத்தில், ஒரே சிந்தனையின் பெயரால் நல்லதும் தீயதும் வந்தன. ஆகவே, “அயல் கருத்து நல்லதா, தீயதா?” என்று கேட்பது பயனற்ற கேள்வி என்பது இங்கே புலனாகும்.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1927 இல் டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழு ஒன்று இலங்கைக்கு வந்தது. அதன்முன் தோன்றிய கண்டியர் தேசிய சபையார் வியப்புக்குரிய கோரிக்கை ஒன்றை வைத்தனர். இலங்கை சமஷ்டி நாடாக வேண்டும். கண்டியருக்கு ஒரு பகுதி, வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழருக்கு ஒரு பகுதி, கரையோரச் சிங்களவருக்கு ஒரு பகுதி என மூன்று தன்னாட்சிப் பகுதிகள் அமைதல் வேண்டும் என்பதே அது. அதற்கு ஓராண்டு முன்னர், 1926 இல், இளைஞர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் சமஷ்டியே ஏற்றது என வாதிட்டிருந்தார். சமஷ்டி என்பது சுவிற்சர்லாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் முறை என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். அது அந்நியச் சரக்கு என்று கண்டியத் தலைவர் எவரும் அன்று வெறுக்கவில்லை. தாம் இழந்த எல்லையை மீட்பதற்கு அது கருவியாகும் என்றே கருதினர்.

ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. மாறாக, 1931 இல் வேறொரு புதுமை வந்தது. அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஓர் இலாகாவை நடத்தியது. இலண்டன் நகராட்சி மன்றத்தின் குழுமுறையை இதற்கு முன்மாதிரியாகக் கூறுவர். கட்சிகள் இல்லாத நாட்டில் எல்லாப் பிரதிநிதிகளும் ஆட்சியிற் பங்கு பெறட்டும் என்பது நோக்கம். இதனோடு 21 வயது நிரம்பிய ஆண்பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் 21 வயதுப் பெண்கள் ஆடவரோடொப்ப வாக்குரிமை பெற்றது 1928 இல்; மூன்றே ஆண்டுகளின் பின் இலங்கைப் பெண்களும் பெற்றனர்.

அக்காலத்துத் தலைவருட் பலர் சர்வசன வாக்குரிமையை விரும்பவில்லை. படிப்பற்றவனுக்கு வாக்கு எதற்கு என்றனர். தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா போன்ற சிலரே அதனை வேண்டினர். பின்னர் நிகழ்ந்தது யாது? வாக்குப் பெற்ற ஏழை மக்கள் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கேட்டனர். கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராக 16 ஆண்டுகள் இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி மலர்ந்தது. நிர்வாகக் குழுமுறை 1947 உடன் மறைந்தது. வாக்குரிமையோ மக்களின் சொத்தாகி நிலைத்தது. ஒரே மூட்டையில் வந்த இரவற் பொருள்களுள்ளே மக்கள் தமக்கு வேண்டியதைக் கைப்பற்றிக் கொண்டனர்.

அடுத்த யாப்பு சோல்பரி யாப்பு. அதன் முதல் வரைவை மந்திரிமாருக்காக எழுதியவர் ஐவர் ஜெனிங்ஸ். 1942 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தவர். மகாவலி வளைந்தோடும் பேராதனையில் அப்பல்கலைக்கழகத்தை எழுப்பியவர். பிரித்தானிய யாப்புச் சட்டத்தில் பெரும் புலவர். டி. எஸ். சேனாநாயக்காவின் ஆலோசகராக இருந்து 1944 இல் வரைவு உருவாக உதவினார். வெஸ்ட்மின்ஸ்டர் முறையே இங்கு நிறுவப்பட்டது. அதில் ஒரு காப்பும் இருந்தது. எச்சமூகத்தாருக்கும் எச்சமயத்தாருக்கும் பாதகமாகவோ தனிச் சலுகையாகவோ பாராளுமன்றம் சட்டம் இயற்றலாகாது என்று 29 ஆம் பிரிவு தடுத்தது. அயர்லாந்துக்காக 1920 இல் இயற்றப்பட்ட சட்டத்திலும் இதனை ஒத்த வாசகம் உண்டு.

ஏட்டில் இருந்த அந்தக் காப்பு எத்துணை வலிமையுடையது என்பதைச் சோதித்தவர்கள் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரே. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்திய வமிசாவளித் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர் இலங்கையில் வாழ்ந்தனர். 1947 தேர்தலில் நாவலப்பிட்டி, தலவாக்கலை, நுவரெலியா முதலிய தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரசார் வெற்றி பெற்றனர். சுதந்திரம் வந்த 1948 ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவுதல் வேண்டும் என அது விதித்தது. பிறப்புப் பதிவுகளைப் பாதுகாத்து வைக்க வழியற்ற லயன் அறைகளில் வாழ்ந்தோர் அதனை நிறுவுவது எங்ஙனம்? 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் குடியுரிமை அற்றவரின் வாக்கையும் பறித்தது. 1952 தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் தம் பிரதிநிதி ஒருவரையும் அனுப்ப இயலவில்லை.

பழைய கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த றுவான்வெல்லைத் தொகுதியில், கோடகன் பிள்ளை என்பார் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்குமாறு வழக்கிட்டார். இச்சட்டங்கள் 29 ஆம் பிரிவுக்கு மாறானவை என்பது அவர் வாதம். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953 இல் தீர்ப்பு வந்தது. பாராளுமன்றம் 29 ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டதே. ஆயினும் இச்சட்டம் அதன் சாரத்திலும் கருவிலும் குடியுரிமை பற்றியதேயன்றி ஒரு சமூகத்தைப் பாதிக்க எழுந்ததன்று என அக்கழகம் கூறியது. சாரத்தையும் கருவையும் பார்க்கும் அந்த அளவுகோல், கனடாவின் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே எழுந்த வழக்குகளில் வளர்ந்தது. ஓர் ஆட்சி இன்னோர் ஆட்சியின் எல்லைக்குள் நுழைந்ததா என அறிய உதவிய கோல், ஒரு சிறுபான்மையினர் வஞ்சிக்கப்பட்டனரா என அறிவதற்குப் போதாது. இரவல் வாங்கியதில் மட்டுமன்றி, இரவற் கோலால் அளந்ததிலும் பிழை நேர்ந்தது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்யாப்புக்குத் தம் பெயரைத் தந்த சோல்பரிப் பிரபு, 1963 இல் வெளிவந்த ஒரு நூலின் முன்னுரையில் தம் கருத்தை மாற்றிக் கொண்டார். இந்தியா, மலாயா முதலிய நாடுகளின் யாப்புக்களில் உள்ளவாறு அடிப்படை உரிமைகளை இலங்கை யாப்பிலும் பொறித்திருக்க வேண்டும் என அவர் எழுதினார். அளவுக்கு மிஞ்சி இரவல் வாங்கிவிட்டோம் என்று அவர் வருந்தவில்லை. போதிய அளவு வாங்காது விட்டோமே என்பதே அவர் வருத்தம்.

இந்தியாவைப் பற்றி இங்கே ஒரு சொல். அந்நாட்டு யாப்பு வரைவு, பல நாட்டுத் துணிகளைத் தைத்த ஒட்டுச்சட்டை என ஏளனம் செய்யப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலே அதற்கு விடையிறுத்தார். யாப்பின் அடிப்படைக் கருத்துக்களுக்கு எவரும் தனியுரிமை கொண்டாட இயலாது. கடன் வாங்கியதில் வெட்கமில்லை என்பது அவர் கூற்றின் சாரம். பாராளுமன்ற முறையை இங்கிலாந்திடமிருந்தும், அரச நெறிகளை அயர்லாந்திடமிருந்தும், உரிமைகளை நீதிமன்றம் காக்கும் வழியை அமெரிக்காவிடமிருந்தும் பெற்ற அந்த யாப்பை, ஏறக்குறைய மூன்றாண்டு காலம் தம் மக்களின் பிரதிநிதிகளே ஓரோர் உறுப்பாக விவாதித்து ஏற்றனர். தீண்டாமை ஒழிப்பு என்னும் உறுப்பை எந்நாட்டிலிருந்தும் அவர்கள் பெறவில்லை. அது தம் புண்ணுக்குத் தாமே கண்ட மருந்து.

இலங்கைக்கு மீள்வோம். 1957 ஜூலை 26 இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் பிரதேச சபைகள் குறித்து உடன்பாடு கண்டனர். அதனை எதிர்த்து ஜே. ஆர். ஜயவர்த்தனா அவ்வாண்டு ஒக்டோபரில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். யாத்திரை இம்புல்கொடையில் தடைப்பட்டது; உடன்பாடும் 1958 இல் கிழித்தெறியப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு முன் கண்டியர் தாமே கேட்ட சமஷ்டியின் சிறு நிழல்தான் அவ்வுடன்பாடு. அதே கருத்தைத் தமிழர் கேட்டபோது நாட்டைத் துண்டாடும் நஞ்சு எனப்பட்டது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கருத்தின் பிறப்பிடம் அன்று. கேட்பவர் இன்னார் என்பதே காரணம்.

1972 மே 22 இல் குடியரசு யாப்பு பிறந்தது. அந்நிய முடியின் கட்டளையால் வந்ததை நீக்கி நம் மண்ணிலே வேர் கொண்ட யாப்பு என அதனைக் கூறினர். தமிழரசுக் கட்சியினர் முந்திய ஆண்டே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தனர். புதிய யாப்பில் 29 ஆம் பிரிவு இல்லை. சட்டம் நிறைவேறிய பின் அது செல்லாதென நீதிமன்றம் கூறும் அதிகாரமும் இல்லை. தேசிய அரசுப் பேரவையே மேலான அதிகார பீடமாயிற்று. சற்றே நின்று சிந்திப்போமாயின், பாராளுமன்றத்துக்கு மேல் எதுவுமில்லை என்னும் கோட்பாடு இங்கிலாந்தின் தனிப்பெரும் கோட்பாடன்றோ! சுதேசி எனப்பட்ட யாப்பு, அயலாரின் அதிகாரத்தை வைத்துக் கொண்டு, அயலார் தந்த காப்பை மட்டும் களைந்தது.

1978 இல் மீண்டும் ஒரு யாப்பு. 1966 முதலே இதற்காக வாதிட்டு வந்த ஜயவர்த்தனா, பிரான்சின் ஐந்தாம் குடியரசைப் பெரிதும் தழுவி நிறைவேற்று அதிகார ஜனாதிபதிப் பதவியை அமைத்தார். பிரான்சிலே பாராளுமன்றப் பெரும்பான்மை எதிரணியின் கைக்குப் போனால், ஆட்சிப் பொறுப்பு பிரதமரிடம் சென்றுவிடும். 1986 இல் மித்தரான் ஜனாதிபதியாகவும் சிராக் பிரதமராகவும் இருந்தபோது உலகம் அதனைக் கண்டது. இலங்கையிலோ ஜனாதிபதியே மந்திரி சபைக்கும் தலைவர். அவர்மீது வழக்குத் தொடுக்கவும் 35 ஆம் உறுப்புரை இடந்தரவில்லை. குதிரை பிரான்சிலிருந்து வந்தது, கடிவாளம் வரவில்லை. சர்வசன வாக்கெடுப்பும் மேல்நாட்டு முறையே. மக்கள் கருத்தை அறிய எழுந்த அம்முறை, 1982 டிசம்பர் 22 இல் பொதுத் தேர்தல் நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கப் பயன்பட்டது.

கண்டிக்கு யாத்திரை புறப்பட்ட அதே ஜயவர்த்தனா, 1987 ஜூலை 29 இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியுடன் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். தொடர்ந்து வந்த 13 ஆம் திருத்தம் மாகாண சபைகளை அமைத்தது. அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பகுத்ததும், ஆளுநர் பதவியும் இந்திய முறையின் சாயல். ஆனால் இந்திய மாநிலங்களுக்கு உள்ள மேற்சபைப் பிரதிநிதித்துவம் இங்கு வரவில்லை. காணி, காவல்துறை அதிகாரங்கள் ஏட்டிலே உறங்கின. கண்டியரும் மத்திய மாகாண சபையைப் பெற்றனர். பல்லேகலையில் அதன் மன்றம் அமைந்தது. 2013 இல் தெரிவான அச்சபையின் காலம் 2018 இல் முடிந்தது. மறு தேர்தல் உரிய காலத்தில் நடக்கவில்லை. 1927 இல் தாமே கேட்டதன் ஒரு பகுதி கைக்கு வந்தும், அது வாளாவிருந்ததைக் குறித்துக் கண்டியில் பெருங்குரல் எழவில்லை. கேட்டுப் பெறாதது கைவிட்டுப் போகும்போது தேடுவாரும் இல்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? ஒரு கருத்தின் ஊரையும் பேரையும் விசாரிப்பது வீண். விசாரிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அதனை வேண்டியவர் யார்? சீயத்துப் பட்டத்தை இங்குள்ளார் வேண்டினர். 1833 இன் எல்லைகளை இங்குள்ளார் வேண்டவில்லை. இரண்டாவது, கருத்தோடு அதன் கட்டுப்பாடும் வந்ததா? அதிகாரத்தை வாங்கித் தளையை விட்டுவிடுவது இரவல் ஆகாது, அது தந்நலம். மூன்றாவது, அதனால் தீங்குறக் கூடியவர் சபையில் இருந்தனரா? இம்மூன்றாம் வினாவுக்கே நம் யாப்புக்கள் பெரும்பாலும் விடையளிக்கத் தவறின.

“வழக்கமே யாப்பாக இருந்த பழைய நாளில் இவ்வளவு துன்பம் இல்லையே, அதனையே மீட்டால் என்ன?” என ஒருவர் கேட்கலாம். அதில் ஓருண்மை உண்டு. கம்சபையின் இணக்கத் தீர்ப்பு போற்றத்தக்கது. திருமணம், மரபுரிமை ஆகியவற்றில் கண்டியச் சட்டம் இன்னும் வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் தேசவழமை வழங்குவது போலவே. எனினும் அப்பழைய யாப்பின்கீழ் கொடிய மன்னனைத் தடுக்கும் வழி கிளர்ச்சி ஒன்றே. ஊழியம் செய்தவனுக்கு வாக்கில்லை. ஸ்ரீ விக்கிரமன் கண்டி ஏரியை அமைத்தபோது, மண் சுமந்தவன் முறையிட்டுக் கொள்ளச் சபை எதுவும் இருக்கவில்லை. அழகிய ஏரியைக் கண்டு மகிழும் நாம் அந்தச் சுமையையும் நினைத்தல் தகும்.

இறுதியாக ஒரு காட்சி. பேராதனையில் 1821 இல் நிறுவிய தாவரத் தோட்டம் இருக்கிறது. பிறநாட்டுச் செடிகளை நட்டு, இம்மண்ணுக்கும் மழைக்கும் இயைகின்றனவா எனப் பார்த்த இடம் அது. அசாமிலிருந்து தேயிலைச் செடி 1839 இல் அங்கு வந்தது. 1867 இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். கோப்பி நோயால் மடிந்த பின்னர் மலைநாட்டின் வாழ்வே தேயிலையாயிற்று. அதனை அந்நியச் செடி என்று இன்று சொல்வார் யாருமில்லை. இலங்கைத் தேயிலை என்றே உலகம் அழைக்கிறது. ஆனால் அச்செடியை நட்டுக் களை பிடுங்கிக் கொழுந்து பறித்த மக்களை, சட்டம் நெடுங்காலம் அந்நியர் என்றே அழைத்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என எண்ணிக்கை குறிக்கப்பட்டது. எஞ்சியோரின் குறை சட்டத்தால் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

செடியை ஏற்ற மண், அதனை நட்ட கையை ஏற்க 55 ஆண்டுகள் பிடித்தன. அயற்கருத்து நம் யாப்பில் இருக்கலாமா என்று வாதாடும்போது இதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும். கருத்துக்கள் எங்கிருந்தும் வரட்டும். நாம் சோதித்து ஏற்போம். ஆனால் இந்நாட்டில் உழைத்து வாழும் ஒருவனையும் அயலான் என்று ஒதுக்காத யாப்பே, எம்மொழியில் எழுதப்பட்டதாயினும், எந்நாட்டிலிருந்து சொற்களைப் பெற்றதாயினும், இம்மண்ணின் யாப்பு எனத் தகும்.